குடும்பமும் குடித்தனமும் ஒன்றில்லை: குடும்பச் சமூகவியலுக்குள் நுழைய ஒரு வழி

கேள்வி சுருக்கமாக இது: குடும்பச் சமூகவியல் தாளைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். தனிக்குடும்பம், விரிந்த குடும்பம், செயல்பாட்டுவாதம், பெண்ணியம், சமச்சீர் குடும்பம், தனிநபர்மயமாதல் என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன தொடர்பு என்று பிடிபடவில்லை, எதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரையறைகளை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒரே ஒரு வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் அதைச் சுற்றி வந்து உட்காரும். குடும்பம் என்பது உறவு. இரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ, அல்லது நாங்கள் ஒருவருக்கொருவர் என்று மனிதர்கள் தாங்களே கருதிக்கொள்வதாலோ ஏற்படுவது. குடித்தனம் என்பது ஏற்பாடு. ஒரு கூரையின் கீழ் யார் இருக்கிறார்கள், யார் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. இவை இரண்டும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்பதால் ஒன்றேதான் என்று நினைத்துவிடுகிறோம். இந்தத் துறையின் பெரிய சண்டைகளில் பல, அப்படி நினைத்ததால் வந்தவை.

அரசுகள் குடித்தனத்தை எப்படி எண்ணுகின்றன என்று பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பரிந்துரைகளில் இரண்டு அணுகுமுறைகள் உண்டு. ஒன்றில், ஒரே வசிப்பிடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு குடித்தனம். இன்னொன்றில், உணவையும் அன்றாடத் தேவைகளையும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்பவர்கள் மட்டும் ஒரு குடித்தனம், ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடித்தனம். ஒரே ஊரில் இந்த இரண்டு முறையிலும் எண்ணினால் இரண்டு எண்ணிக்கை வரும். எந்த முறையில் எண்ணினாலும், உறவே இல்லாத மூன்று நண்பர்கள் சேர்ந்து தங்கிச் சேர்ந்தே சமைத்துச் சாப்பிட்டால் அது குடித்தனம், குடும்பம் கிடையாது. பிரிந்துவிட்ட தாயிடம் பாதி வாரமும் தகப்பனிடம் பாதி வாரமும் வளரும் குழந்தைக்கு இரண்டு வீடும் குடும்பம்தான், ஆனால் கணக்கெடுப்பு அந்தக் குழந்தையை ஏதாவது ஒரு வீட்டில்தான் எழுதும். இன்னொரு வீட்டில் குழந்தைக்கென்று கட்டில் இருக்கும், பல் துலக்கும் பிரஷ் இருக்கும், பள்ளிச் சீருடைகூட ஒன்று இருக்கும், புள்ளிவிவரத்தில் மட்டும் அந்த வீடு குழந்தை இல்லாத வீடு.

இதை வைத்துக்கொண்டு மர்டாக்கிடம் போகலாம். அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1949-ல், 250 சமூகங்களைப் பற்றிய தகவல்களை ஒப்பிட்டு, தனிக்குடும்பம் உலகமெங்கும் இருக்கிறது என்றார். சேர்ந்து வாழ்வது, பொருளாதாரத்தில் ஒத்துழைப்பது, குழந்தை பெறுவது, இந்த மூன்றும் அவருடைய வரையறையில் உண்டு. குறைந்தது இரண்டு பெரியவர்கள் சமூகம் ஏற்றுக்கொண்ட பாலுறவில் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. கவனித்தீர்களா, சேர்ந்து வாழ்வது என்பதை வரையறைக்குள்ளேயே வைத்துவிட்டார். குடித்தனத்தைக் குடும்பத்துக்குள் தைத்துவிட்டார் என்று சொல்லலாம். கேத்லீன் காஃப் 1959-ல் கேரளத்து நாயர் சமூகத்தின் பழைய தாய்வழி அமைப்பை எடுத்துக் காட்டியபோது இந்தத் தையல்தான் பிரிந்தது. அங்கே பெண்ணும் அவள் குழந்தைகளும் தறவாடு என்ற தாய்வழிக் கூட்டு வீட்டில் இருப்பார்கள், அதிகாரம் தாய்மாமனிடம், பெண்ணோடு உறவு வைத்திருக்கும் ஆண் இரவில் வந்து போவான், அவன் உண்பதும் உழைப்பதும் தன் சொந்தத் தறவாட்டில். சடங்கு இருந்தது, உறவு இருந்தது, குழந்தைக்கு அந்தஸ்து இருந்தது, கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் குடித்தனம் மட்டும் இல்லை. நாயர் உதாரணம் ஒரு விதிவிலக்குதானே என்று கடந்துபோகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கருத்து எந்த அனுமானத்தில் நிற்கிறது என்பதை விதிவிலக்குதான் வெளியே கொண்டுவரும்.

அடுத்தது எல்லோரும் நம்பும் ஒரு கதை. அந்தக் காலத்தில் எல்லோரும் பெரிய கூட்டுக்குடும்பமாக இருந்தார்கள், தொழிற்சாலை வந்தது, நகரம் வந்தது, குடும்பம் உடைந்து சிறியதாகிவிட்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் இதைக் கொஞ்சம் கவனமாகச் சொன்னார்: தொழில்மயமான சமூகத்துக்கு இடம்விட்டு இடம் போகக்கூடிய, தகுதியால் மேலே போகக்கூடிய உழைப்பாளிகள் வேண்டும், அதற்குச் சிறிய, தனித்து நிற்கும் குடும்பம்தான் பொருந்தும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் பீட்டர் லாஸ்லெட் இங்கிலாந்தின் பழைய ஊர்ப் பட்டியல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். 1564-லிருந்து 1821 வரையான காலத்தில், பெற்றோர், பிள்ளைகள் தவிர வேறு உறவினர் இருந்த குடித்தனங்கள் ஏறத்தாழ பத்து சதவீதம்தான். சராசரி அளவு 4.75 பேர். தொழிற்புரட்சிக்கு முன்பே வீடுகள் சின்னதாகத்தான் இருந்தன.

அதோடு நிற்கவில்லை. மைக்கேல் ஆண்டர்சன் 1851 கணக்கெடுப்பை வைத்து ப்ரெஸ்டன் என்ற பருத்தி ஆலை நகரத்தைப் பார்த்தபோது, உறவினர் சேர்ந்திருந்த குடித்தனங்கள் 23 சதவீதம். தொழிற்சாலை வந்த இடத்தில் குடும்பம் சுருங்குவதற்குப் பதில் விரிந்திருக்கிறது! காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்: ஆலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி வேண்டும், வாடகையைப் பங்கிட ஒரு ஆள் வேண்டும், அநாதையான உறவுக்காரப் பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவரும். உறவினரை வைத்துக்கொள்வதில் பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது. இந்தியாவைப் பற்றியும் இப்படி ஒரு திருத்தம் நடந்தது. ஏ. எம். ஷா 1973-ல், குஜராத் கிராமம் ஒன்றின் 19-ம் நூற்றாண்டின் தொடக்கக் காலப் பதிவை வைத்து, முன்பெல்லாம் எல்லோரும் கூட்டாகவே வாழ்ந்தார்கள் என்ற நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார். குடும்பத்தையும் குடித்தனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

சரி, அப்படியானால் லாஸ்லெட் ஜெயித்துவிட்டாரா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருத்து வருகிறது, பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிற ஒன்று: குடித்தனத்தின் வளர்ச்சிச் சுழற்சி. மெயர் ஃபோர்ட்ஸும் ஜாக் குடியும் 1958-ல் முன்வைத்தது. வீடு என்பது நிற்கிற பொருள் கிடையாது, அதற்கு வயது ஆகிறது. ஒரு விவசாயக் குடித்தனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூத்த மகனுக்கு 28 வயதில் கல்யாணம், மனைவி அந்த வீட்டுக்கே வருகிறாள், அப்போது பெற்றோர் இருவரும் உயிரோடு. இது விரிந்த குடித்தனம். நான்கு வருடத்தில் அப்பா இறந்துபோகிறார், அதிலிருந்து ஐந்து வருடத்தில் அம்மாவும். இப்போது மகன், மருமகள், அவர்கள் பிள்ளைகள் மட்டும், தனிக்குடித்தனம். அவர்களுடைய மகன் கல்யாணம் செய்யும்வரை இருபது வருடத்துக்கு அப்படியே இருக்கும், பிறகு மறுபடி விரியும். கணக்கெடுப்பவர் எந்த வருடம் கதவைத் தட்டுகிறாரோ அதைப் பொறுத்து அந்த வீடு தனி அல்லது விரிந்தது என்று பதிவாகும், பெரும்பாலும் தனி என்றே பதிவாகும், ஏனென்றால் அந்தக் கட்டம்தான் நீளமானது. ஆனால் அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால், மகன் பெற்றோரோடு இருப்பதுதான் எங்கள் வழக்கம் என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, கணக்கு சொல்வதும் உண்மை. லுட்ஸ் பெர்க்னர் 1972-ல் 18-ம் நூற்றாண்டு ஆஸ்திரிய விவசாயிகளைப் பற்றி எழுதியது இதைத்தான். அங்கே பெற்றோர் நிலத்தை மகனுக்கு எழுதிக்கொடுக்கும்போதே, தங்களுக்குத் தங்க இடமும் இன்னின்ன உணவும் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் கணக்கெடுப்பில் அந்த வழக்கம் சிறுபான்மைபோல் தெரியும், வாழ்நாள் முழுவதையும் பார்த்தால் பெரும்பாலோர் கடந்துபோகும் கட்டம் அது.

ஆகவே, கூட்டுக்குடும்பம் அழிகிறதா என்று யாராவது கேட்டால், அவர்கள் கேட்பது வீட்டைப் பற்றியா உறவைப் பற்றியா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தனித்தனி வீடுகளில் இருந்துகொண்டே பணம் அனுப்புவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, முடிவுகளைச் சேர்ந்து எடுப்பது எல்லாம் நடக்கும். யூஜின் லிட்வாக் 1960-ல் இதைத் திருத்தப்பட்ட விரிந்த குடும்பம் என்றார். அப்புறம் ஆயுள் கூடிவிட்டது, பிள்ளைகள் குறைந்துவிட்டன. அதனால் உறவு பக்கவாட்டில் ஒடுங்கி மேலும் கீழுமாக நீள்கிறது: மாமன், சித்தப்பன், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் குறைவு, தாத்தா பாட்டியும் கொள்ளுத்தாத்தாவும் அதிகம். வெர்ன் பெங்ட்சன் போன்றோர் இந்தத் தலைமுறை நீட்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், படிக்கலாம்.

குடும்பம் எதற்கு என்ற கேள்விக்கு வரும் கோட்பாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம், அவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. மர்டாக்குக்கு நான்கு செயல்பாடுகள்: பாலுறவு, இனப்பெருக்கம், பொருளாதாரம், கல்வி. பார்சன்ஸ் 1955-ல் அதை இரண்டாகச் சுருக்கினார்: குழந்தையைச் சமூக மனிதனாக்குவது, பெரியவர்களின் ஆளுமையை நிலைப்படுத்துவது. அதோடு கணவன் வெளியுலகக் காரியங்களுக்கு, மனைவி உணர்வுகளுக்கு என்று பங்கும் பிரித்தார். குடும்பம் சமூகத்துக்கு என்ன செயல்பாடு ஆற்றுகிறது என்று கேட்கும் இந்தப் பார்வைதான் செயல்பாட்டுவாதம். மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் 1884-லேயே வேறு திசையில் போயிருந்தார். தனிச்சொத்து வந்தபின் அது தன் மகனுக்குத்தான் போகிறது என்று உறுதிசெய்ய ஆணுக்கு ஒருதாரக் குடும்பம் தேவைப்பட்டது என்பது அவர் வாதம். பிற்கால மார்க்சியர்கள், தொழிலாளியை மறுநாள் வேலைக்குத் தயார்செய்து அனுப்பும் இடமாகக் குடும்பத்தைப் பார்த்தார்கள். செயல்பாட்டுவாதிகள், மார்க்சியர்கள் என்ற இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் எதிர்த்தாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: குடும்பத்தை ஒரே ஆளாகப் பாவித்து, அது வெளியே உள்ள சமூகத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்டார்கள். வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்கள் பெண்ணியவாதிகள். பிரான்சின் கிறிஸ்டின் டெல்ஃபி, மனைவியின் உழைப்பை எடுத்துக்கொள்வது முதலாளித்துவம் மட்டும் இல்லை, கணவனும்தான் என்று நேரடியாகவே எழுதினார்.

இந்தத் துறையில் உண்மையான கண்டுபிடிப்புகள் குவிந்திருப்பது அந்தக் கேள்வியில்தான் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1957-ல் எலிசபெத் பாட், லண்டனில் 20 குடும்பங்களை நெருங்கிப் பார்த்து, கணவன் மனைவி வேலைகளைச் சேர்ந்து செய்கிறார்களா பிரித்துச் செய்கிறார்களா என்பது அவர்களுடைய வெளி நட்பு, உறவு வலையைப் பொறுத்தது என்றார். ஒருவரையொருவர் அறிந்த நெருக்கமான வட்டம் இருவருக்கும் இருந்தால் பங்குகள் பிரிந்தே இருக்கும், ஏனென்றால் உதவிக்குத் துணைவர் தேவைப்படவில்லை. அழகான கருத்து, இன்றைக்கும் யோசிக்க வைக்கும். 1973-ல் மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும், கணவனும் மனைவியும் வேலைகளை ஏறத்தாழ சமமாகப் பகிரும் சமச்சீர் குடும்பம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்: கணவர்களில் 72 சதவீதம் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டு வேலையில் உதவுகிறார்கள் என்பது அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. ஆன் ஓக்லி இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சட்டையை இஸ்திரி போட்டாலும், குழந்தையை ஒரு தடவை வெளியே கூட்டிப்போனாலும் இந்தக் கணக்கில் வந்துவிடுமே! அவர் தாமே லண்டனில் 40 பெண்களைப் பேட்டி கண்டு 1974-ல் வெளியிட்டார். வீட்டு வேலையை வேலையாகவே கருதி, ஆலைத் தொழிலாளியிடம் கேட்கும் கேள்விகளையே கேட்டார்: சலிப்பா, தனிமையா, வேகம் யார் கையில், எத்தனை மணிநேரம். சராசரி வாரத்துக்கு 77 மணிநேரம். அதற்குமுன் வீட்டு வேலையைத் தொழில் சமூகவியலின் கண்ணால் அதிகம் பேர் பார்த்திருக்கவில்லை.

பெண்கள் சம்பள வேலைக்குப் போகத் தொடங்கினால் இது தானாகச் சரியாகிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆர்லி ஹோக்ஷில்ட் 1989-ல் அமெரிக்கத் தம்பதிகளைப் பற்றி எழுதியது அந்த எதிர்பார்ப்பை உடைத்தது. வேலை முடிந்து வந்து பெண்கள் வீட்டில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறார்கள். அவர் காட்டும் ஒரு தம்பதியை மறக்கவே முடியாது. மனைவி சமத்துவம் கேட்டு வருடக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் ஒரு சமாதானம்: வீட்டின் மேல்தளம் மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு. பாதிக்குப் பாதி என்று இருவருமே சொல்லிக்கொள்கிறார்கள். மேல்தளத்தில் இருப்பது சமையலறை, கூடம், படுக்கையறைகள், குளியலறைகள், அதாவது குழந்தை வளர்ப்பும் சமையலும் சுத்தமும் முழுவதும். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம், கணவனின் கருவிகள், நாய். திருமணம் உடையாமல் இருக்க இருவரும் சேர்ந்து நம்பும் இந்தக் கதைக்குக் குடும்பக் கட்டுக்கதை என்று அவர் பெயர் வைத்தார். உங்கள் வீட்டில் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்று கணக்கெடுப்பில் கேட்டால் இந்தத் தம்பதி சமமாக என்று எழுதியிருப்பார்கள். அதனால்தான் கருத்துக்கணிப்பை மட்டும் நம்பாமல், யார் எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று எழுதிவைக்கும் நேரக் குறிப்பேடுகளைப் பயன்படுத்துகிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-ல் நேரப் பயன்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, உலகில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல் பெண்களுடையது.

நேரக் குறிப்பேட்டிலும் மாட்டாத வேலை ஒன்று உண்டு. ஆலிசன் டாமிங்கர் 2019-ல் 35 தம்பதிகளிடம் பேசி, வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியை நான்காகப் பிரித்தார்: தேவை வருமுன் உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் தவணை வருகிறது என்று யாருக்கு ஞாபகம் வருகிறது? எந்த மருத்துவர், எந்த நாள், அன்றைக்குப் பள்ளி உண்டா என்று யார் விசாரிக்கிறார்கள்? இந்த நாள் சரியா என்று இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள். கூட்டிப்போவது அப்பாவாகக்கூட இருக்கலாம். பிறகு இரவில் காய்ச்சல் வருகிறதா, அடுத்த தவணை எழுதிவைத்தாயிற்றா என்று பார்ப்பது யார்? முடிவெடுக்கும் கட்டம் பெரும்பாலும் பகிரப்படுகிறது, முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெண்ணிடம் அதிகமாகச் சேர்கின்றன என்று அவர் கண்டார். முடிவெடுப்பதுதான் அதிகாரம், மற்ற இரண்டும் ஓய்வில்லாத சுமை. நான் உதவுகிறேனே என்ற கணவனும் எனக்குத் தலை வெடிக்கிறது என்ற மனைவியும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது இந்தப் பிரிவினையைப் பார்த்தால் புரியும்.

அடுத்து பணம். குடித்தனத்தைப் பொருளாதாரத்தில் நீண்டகாலம் மூடிய பெட்டியாகவே வைத்திருந்தார்கள்: வருமானம் உள்ளே போகும், எல்லோருக்கும் நன்மை வெளியே வரும். பொருளியலாளர் கேரி பெக்கர், குடும்பத்தில் ஒரு நல்ல தலைவர் எல்லோருடைய நலனையும் கருதுவார் என்று ஒரு பொருளாதார மாதிரியைக் கட்டினார். அமர்த்தியா சென் இதற்கு எதிராக, குடும்பம் என்பது ஒத்துழைப்பும் மோதலும் ஒரே நேரத்தில் நடக்கும் இடம் என்றார். சேர்ந்திருந்தால் எல்லோருக்கும் லாபம்தான், அந்த லாபத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் நலன்கள் மோதும். பிரிந்தால் யார் நிலைமை மோசமாகும், யார் பங்களிப்பு பெரிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இவை பேரத்தைத் தீர்மானிக்கும். ஒரு பெண் தன் சொந்த நலனைத் தனியாக நினைத்தே பார்க்காமல் இருக்கலாம், அதனால் ஏற்றத்தாழ்வு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

யார் சொன்னது சரி என்று பார்க்க ஒரு இயற்கையான சோதனையே கிடைத்தது. பிரிட்டனில் 1970-களின் இறுதியில் குழந்தைகளுக்கான சலுகை, பெரும்பாலும் தந்தையின் சம்பளத்தில் வரிக்கழிவாக இருந்ததிலிருந்து, தாய் கையில் நேரடியாகக் கிடைக்கும் தொகையாக மாற்றப்பட்டது. குடும்பம் ஒரே பெட்டி என்றால், பணம் யார் கையில் வந்தால் என்ன? ஆனால் லண்ட்பெர்க், போலாக், வேல்ஸ் மூவரும் 1997-ல் செலவுத் தரவுகளைப் பார்த்தபோது, அந்த மாற்றத்துக்குப்பின் ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் உடைச் செலவு கூடியிருந்தது. ஜான் பால் என்ற ஆய்வாளர் தம்பதிகளைப் பேட்டி கண்டு, பணத்தைச் சேர்த்துவைப்பது, மனைவிக்குப் படி கொடுப்பது என்று முறைகள் வேறுபடுவதையும், பணத்தைக் கையாளுவதும் கட்டுப்படுத்துவதும் வேறுவேறு என்பதையும் காட்டியிருக்கிறார். வறிய வீடுகளில் கையாளும் பொறுப்பு பெண்ணிடம் வருவது அதிகாரமாக இருப்பதில்லை, பற்றாக்குறையைச் சமாளிக்கும் வேலையாகவே இருக்கிறது. ஒரு குடித்தனம் வறுமைக்கோட்டுக்கு மேல் என்று அறிக்கை சொன்னால், அதற்குள் ஒருவர் வறுமையில் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வன்முறையை இதிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயத்தில் போடுகிறார்கள், எனக்கு அது தவறாகப் படுகிறது. ஐநாவின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2017-ல் உலகில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களைச் சுமார் 87,000 என்று மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 50,000 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தினரோ. பார்சன்ஸ் இளைப்பாறும் இடமாகப் பார்த்ததும் இதே வீடுதான். எவன் ஸ்டார்க் 2007-ல் விளக்கிய வற்புறுத்தும் கட்டுப்பாடு என்ற கருத்தைக் கட்டாயம் படியுங்கள்: அடி என்ற தனித்தனிச் சம்பவங்களைவிட, பணம், நடமாட்டம், உடை, தொலைபேசி என்று அன்றாடத்தை முழுவதும் பிடித்துவைத்திருக்கும் ஒழுங்கைப் பார்க்கச் சொல்கிறது அது.

திருமணம், விவாகரத்து, வாழ்க்கையைத் தாமே தேர்ந்தெடுப்பது பற்றி: இங்கிலாந்து, வேல்ஸில் 1969-ல் இயற்றிய விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1971-ல் நடைமுறைக்கு வந்ததும் விவாகரத்து எண்ணிக்கை எகிறியது. சட்டம் எளிதானதால் உடைந்தன என்று மட்டும் சொல்வது போதாது, ஏற்கெனவே உள்ளுக்குள் முடிந்துபோயிருந்த திருமணங்கள் அப்போது வெளியே வந்தன என்பதும் சேரும். அந்தோணி கிடன்ஸ் 1992-ல், உறவு இனி மரபாலோ சட்டத்தாலோ நிற்காது, இருவருக்கும் திருப்தி தரும்வரை மட்டும் நிற்கும் என்றார், அதைத் தூய உறவு என்று அழைத்தார். உல்ரிச் பெக்கும் எலிசபெத் பெக்-கெர்ன்ஸ்ஹெய்மும், மரபு முடிவுசெய்து வந்த வாழ்க்கையை இனி ஒவ்வொருவரும் தாமே பேசித் தீர்மானிக்க வேண்டியதாகிவிட்டது என்றார்கள், தனிநபர்மயமாதல் என்பது இதுதான். படிக்கச் சுவாரசியமாக இருக்கும், ஆனால் லின் ஜேமிசனின் விமர்சனம் எனக்கு வலுவாகத் தெரிகிறது: வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது என்பதைப் பார்த்தால் இந்தச் சமத்துவ நெருக்கம் எங்கே? குழந்தை பிறந்துவிட்டால் திருப்தி இல்லை என்று சட்டென்று விலகிவிட முடிகிறதா? தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடியிருப்பது உண்மை, எல்லோருக்கும் ஒரே அளவில் கூடவில்லை. ராபர்ட், ரோனா ராப்போபோர்ட் 1982-ல் குடும்பப் பன்முகத்தன்மையை அமைப்பு, பண்பாடு, வர்க்கம், வாழ்க்கைக் கட்டம், தலைமுறை என்று ஐந்தாகப் பிரித்தது பரீட்சையில் கேட்கப்படும், படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைப் பருவமும் இந்தத் தாளில் வரும். 1960-ல் ஃபிலிப் ஆரியேஸ், இடைக்காலத்தில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இல்லை என்று எழுதியது மிகையானது என்று பின்னால் பல வரலாற்றாய்வாளர்கள் மறுத்தார்கள். அதைவிட விவியானா செலிசர் 1985-ல் சொன்னது உறுதியானது: அமெரிக்காவில் 1870-களுக்கும் 1930-களுக்கும் இடையில் குழந்தை சம்பாதிக்கும் ஆளாக இருந்து, பொருளாதாரப் பயனே இல்லாத, ஆனால் விலைமதிப்பற்ற ஜீவனாக மாறியது. குழந்தையை வேலையிலிருந்து வெளியே எடுத்ததும் குடித்தனத்தின் கணக்கே தலைகீழானது, சம்பாதித்துத் தந்த பிள்ளை செலவு வைக்கும் பிள்ளையானது. பிறப்பு வீதம் குறைந்ததை விளக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

கடைசியாக, இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் நிற்கும் இடம். டேவிட் மார்கன் 1996-ல், குடும்பம் என்று ஒரு பொருள் எங்கோ இருப்பதாகத் தேடாமல், குடும்பமாக நடந்துகொள்ளும் செயல்களைப் பாருங்கள் என்றார். பள்ளிக்குக் கொண்டுவிடுவது, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைப்பது, மருந்து வாங்கிக்கொடுப்பது. இரத்த உறவு இல்லாதவர்கள் இதைச் செய்தால் அவர்களும் குடும்பமாகிறார்கள். கேத் வெஸ்டன் 1991-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிக் காட்டியது அதுதான். ஜேனட் ஃபின்ச்சும் ஜெனிஃபர் மேசனும் 1993-ல், வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தில் கேட்டபோது, மகள் கட்டாயம் செய்ய வேண்டும், மகன் கட்டாயம் செய்ய வேண்டும் என்று பொதுவாக ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடைக்கவில்லை. கடமை என்பது வருடக்கணக்காகச் செய்துகொடுத்ததிலும் வாங்கிக்கொண்டதிலும் சிறுகச் சிறுகச் சேர்வது, ஏற்கத்தக்க சாக்கு சொல்ல யாருக்கு முடிகிறதோ அவர்கள் தப்பிக்கிறார்கள், சொல்ல முடியாதவர்மேல் அது விழுகிறது. முழுநேர வேலை இருக்கிறது என்று மகன் சொன்னால் ஏற்பார்கள், அதையே மகள் சொன்னால் அவ்வளவு எளிதில் எடுபடாது.

இந்தச் செயல்களை எல்லைதாண்டிப் பின்தொடர்ந்தால் ஹோக்ஷில்ட் 2000-ல் எழுதிய உலகப் பராமரிப்புச் சங்கிலி வரும். பணக்கார நாட்டில் வேலைக்குப் போகும் தம்பதியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழை நாட்டிலிருந்து ஒரு தாய் வருகிறாள். அவளுடைய பிள்ளைகளை ஊரில் சம்பளத்துக்கு இன்னொரு பெண் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பெண்ணின் பிள்ளைகளை அவளுடைய மூத்த மகள், பெரும்பாலும் சம்பளமில்லாமல், பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு படியிலும் உழைப்பின் விலை குறைந்துகொண்டே போகிறது. இரண்டு நாட்டுக் கணக்கெடுப்பிலும் இவை மூன்று தனித்தனிக் குடித்தனங்களாகப் பதிவாகும், ஊரில் அம்மா இல்லாத பிள்ளைகளின் வீடு பணம் வந்துகொண்டிருக்கும் குடித்தனம் என்று வரும், அந்தத் தாய் வேலை பார்க்கும் வீட்டில் அவள் உறவினர் அல்லாத உறுப்பினர் என்று வருவாள், மூன்று வீடுகளையும் கட்டிவைத்திருக்கும் அந்தச் சங்கிலிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.